வீட்டுக் கணினியை எப்போது மாற்றுவது, எதைக் கேட்டு வாங்குவது

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினி பழுதுபார்ப்பது என் தொழில். கடைக்கு வருகிறவர்கள் அதிகமாகக் கேட்பது ஒரே கேள்வியைத்தான். "இதுக்குச் செலவு பண்ணலாமா, இல்ல புதுசாவே வாங்கிடலாமா?" கல்லாவுக்கு முன்னால் நின்றபடி இரண்டு நிமிடத்தில் இதற்கு நேர்மையான பதில் சொல்ல முடியாது. நூலகம் எனக்கு ஒரு மணி நேரம் தந்திருப்பதால் முழுப் பதிலையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறேன். கணினியை மாற்றுவதற்குத் தகுந்த காரணம் ஒன்றுதான்: அதை நம்பி ஒரு வேலையில் உட்கார முடியாமல் போவது. அந்த நம்பகம் எந்தப் பாகத்தில் போயிற்று என்று கண்டுபிடிக்காமல் புதிதாக வாங்கினால், அதே கோளாறு புதிய பெட்டிக்கும் வந்து சேரலாம். வாங்கும்போது, பழைய கணினிகள் நமக்குக் கொடுத்திருந்த ஓர் உரிமையை விட்டுவிடக் கூடாது. திறந்து பார்த்து, கெட்ட பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் உரிமைதான் அது.

மெதுவாக ஓடும் கணினியைப் பற்றி முதலில் பேசி முடித்துவிடலாம். மெதுவாக ஓடுவது கோளாறு ஆகாது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள், ரேம் 4 ஜிபி இருந்தால் 8 ஆக்குங்கள். பத்து வருடப் பழைய சிஸ்டம்கூட வீட்டு வேலைகளுக்குத் தாராளமாக ஈடுகொடுக்கும். நான் கவலைப்படுவது வேறு வகைக் கணினியைப் பற்றி. தேர்வு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து அனுப்பும் நேரத்தில் தானாக அணைந்து மறுபடி தொடங்கும். இன்று ஆன் ஆகும், நாளை ஆகாது. நேற்று சேமித்த கோப்பு இன்று திறக்காது. இப்படிப்பட்ட கணினி வீட்டில் இருந்தால், அதில் உட்காருகிறவர்களுக்கு வேலையில் பாதிக் கவனமும் பயத்தில் பாதிக் கவனமும் போகும்.

இத்தகைய கணினியைப் பற்றி நல்ல ஆய்வு ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் எட்மண்ட் நைட்டிங்கேல், ஜான் டூசர், வின்ஸ் ஆர்கோவன் மூவரும் 2011-ல் வெளியிட்டது. வீடுகளில் ஓடிய சுமார் பத்து லட்சம் கணினிகளிலிருந்து வந்த தகவலை அலசினார்கள். வன்பொருள் கோளாறால் ஒருமுறை விழுந்த கணினி மறுபடி விழும் வாய்ப்பு, முன்பு இருந்ததைப் போல் நூறு மடங்கு வரை கூடுகிறது என்று கண்டார்கள். "ஏதோ ஒரு தடவை ஆச்சு, அப்புறம் சரியாயிடுச்சு" என்று நாம் விட்டுவிடுகிறோமே, அது ஆபத்தான நினைப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நிர்ணயித்த வேகத்துக்கு மேல் முடுக்கிவிட்ட செயலிகள் அதிகம் விழுகின்றன, மேசைக் கணினிகளைவிட மடிக்கணினிகள் குறைவாகவே விழுகின்றன என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது. தூக்கிக்கொண்டு திரிவதற்கென்றே செய்த பொருள் என்பதால் அதன் பாகங்கள் அதிர்வையும் சூட்டையும் தாங்கும்படி அமைந்திருக்கின்றன என்பது அவர்கள் ஊகம்.

எனவே முதல் தடவை விழும்போதே பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதற்கு, கடந்த கோடையில் கடைக்கு வந்த ஒரு சிஸ்டத்தைச் சொல்கிறேன். தையல் வேலை செய்யும் ஓர் அம்மாவும் கல்லூரியில் படிக்கும் மகளும் ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார்கள். "அண்ணா, காலையில நல்லாத்தான் ஓடுது. மத்தியானம் ஆனா தானா ஆஃப் ஆயிடுது" என்றாள் அந்தப் பெண். பாதி நோய் அந்த வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. மத்தியானம் என்றால் சூடு. வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் ஹீட் சிங்க்கின் இதழ்களுக்கு நடுவே பஞ்சும் நூல் துணுக்கும் தூசியும் சேர்ந்து கம்பளிபோல் அடைத்திருந்தன. ஃபேன் சுற்றுகிறது, காற்று மட்டும் உள்ளே போக வழியில்லை. ஹீட் சிங்க்குக்கும் பிராசசருக்கும் நடுவே தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொடியாகியிருந்தது. அதைச் சுத்தம் செய்து புதிய பேஸ்ட் போட்டாயிற்று. அடுத்து, கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறந்தேன். கெப்பாசிட்டர் என்பது சிறு உருளை. அதன் தலைத் தகட்டில் கூட்டல் குறிபோல் ஒரு கீறல் இருக்கும். நல்ல நிலையில் தலை மட்டமாக இருக்கும். இதில் இரண்டின் தலை உப்பி, ஒன்றின் கீறல் வழியே பழுப்பு நிறத்தில் கசிந்து காய்ந்திருந்தது. உள்ளிருக்கும் திரவம் சூட்டில் சிதைந்து வாயுவாகும்போது இப்படித்தான் உப்பும். கெட்ட கெப்பாசிட்டர் மின்சாரத்தைச் சீராகத் தராது. 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஏறி இறங்கும். பளு கூடும் நேரத்தில் கணினி அணைந்துவிடும்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். ஒரு சாதாரண கெப்பாசிட்டரின் மேல் 105 டிகிரி, 2000 மணி நேரம் என்று தரம் குறித்திருப்பார்கள். சூடு ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் அதன் ஆயுள் இரட்டிக்கும் என்பது மின்னணுத் துறையின் நடைமுறை விதி. 65 டிகிரியில் ஓடினால் 32,000 மணி நேரம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்று வைத்தால் ஏறத்தாழ 11 ஆண்டுகள். அதே பாகம் 75 டிகிரியில் ஓடினால் ஆயுள் ஐந்தரை ஆண்டாகச் சுருங்குகிறது. கேபினட்டைச் சுவரோடு ஒட்டி, மேசைக்கு அடியில், துணியால் மூடி வைக்கும் பழக்கம் ஒரு கணினியின் பாதி வாழ்நாளைத் தின்றுவிடுகிறது. ஆண்டுக்கொருமுறை தூசி ஊதிச் சுத்தம் செய்வது அந்தப் பாதியை மீட்டுத் தருகிறது.

சூட்டோடு கதை முடியவில்லை. மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய் சிஸ்டத்தைப் பொருத்தி, டெஸ்டரைக் கேபினட்டின் மேல் வைத்தேன். விளக்கு எரிந்தது. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் கன்வெர்ட்டர் மூலம் சொருகியிருந்தார்கள். எர்த் இணைப்பே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை எர்த்துக்குத் தள்ளிவிட இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லாதபோது 230 வோல்ட்டில் பாதி அளவு கேபினட்டிலேயே நின்றுவிடும். மின்னோட்டம் மிகக் குறைவுதான், கைக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் பிரிண்டரையோ மானிட்டரையோ இணைக்கும்போது அது போர்ட்டுகளைப் பதம் பார்க்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் கம்பி இழுத்த பிறகு அந்தக் கணினி ஒருமுறைகூட அணையவில்லை. அந்த அம்மா கடன் வாங்கிப் புதுக் கணினி எடுக்கத் தயாராக இருந்தார். எடுத்திருந்தால் அதுவும் அதே பிளக்கில்தான் சொருகப்பட்டிருக்கும்.

மற்றக் கோளாறுகளையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஆன் செய்தால் பீப் சத்தம் மட்டும் வருகிறது, திரையில் ஒன்றும் இல்லை என்றால் ரேமைச் சந்தேகியுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மறுபடி பொருத்தினாலே பல கணினிகள் உயிர்பெற்றுவிடும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று அந்தப் பற்களில் படலம் கட்டும். தேய்த்தும் நீலத்திரை வந்தால் மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளை இரவு முழுதும் ஓட விடுங்கள். கூகுள் நிறுவனத்தின் சர்வர்களில் நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது. ஓர் ஆண்டில் நூறு ரேம் தகடுகளில் எட்டுக்கும் மேற்பட்டவற்றில் பிழை தட்டுப்பட்டது. ரேம் கெடவே கெடாது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை.

இன்னொன்று, இணையதளம் எதுவுமே திறக்கவில்லை, பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று செய்தி வருகிறது என்பார்கள். கணினியின் தேதியைப் பாருங்கள். பல ஆண்டு பின்னோக்கிப் போயிருக்கும். மதர்போர்டில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். தேதி தவறாக இருந்தால் சான்றிதழ்கள் அனைத்தும் செல்லாதவையாகத்தான் தெரியும். பெட்டிக்கடையில் கிடைக்கும் பேட்டரிக்காகக் கணினியையே ஓரங்கட்டிவிட்ட வீடுகள் உண்டு.

இனி ஹார்ட் டிஸ்க். மற்றப் பாகங்கள் கெட்டால் பணம் போகும், இது கெட்டால் வாழ்க்கையின் பதிவு போகும். கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் எழுதிய கட்டுரையில் இரண்டு முடிவுகள் நமக்கு முக்கியம். முதல் ஸ்கேன் பிழை தோன்றிய டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் செத்துப்போகும் வாய்ப்பு, பிழை தோன்றாத டிஸ்க்கைப் போல் 39 மடங்கு. அதே நேரம், செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான எச்சரிக்கை அறிகுறிகளில் எதையும் காட்டாமலே போயின. அறிகுறி வந்தால் அன்றே மாற்றுங்கள், வராவிட்டாலும் நம்பி இருக்காதீர்கள் என்பதுதான் இதன் பொருள். எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் இல்லை, கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் அது கெடும்போது டிஸ்க்கைப் போலக் கடகடவென்று சத்தம் கொடுத்து முன்னறிவிக்காது, ஒரே நொடியில் காணாமல் போகும். மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் அலமாரியில் வைத்திருக்கும் காப்புப்படிக்கு அது ஏற்றதும் அல்ல.

ஆகவே கோப்புகளின் படிகள் மூன்று இருக்கட்டும். இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தள வீடுகளில் கணினியும், பக்கத்திலேயே மேசை இழுப்பறையில் இருந்த காப்பு டிஸ்க்கும் சேர்ந்தே மூழ்கின. அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ ஒரு டிஸ்க் இருந்தால் போதும்.

இப்போது பழைய கணினிகளுக்கு வருகிறேன். "அந்தக் காலத்துச் சிஸ்டம் மாதிரி வராதுங்க" என்று பலர் சொல்கிறார்கள். அதில் எது உண்மை, எது ஏக்கம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஐபிஎம் நிறுவனத்தின் முதல் பர்சனல் கம்ப்யூட்டர் 1981 ஆகஸ்ட் 12-ல் வெளிவந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், போக்கா ரட்டோன் என்ற ஊரில், டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் ஒரு சிறு குழு ஏறத்தாழ ஓராண்டில் அதை உருவாக்கியது. இன்டெல் 8088 செயலி, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ், அடிப்படை நினைவகம் 16 கிலோபைட், விலை 1,565 டாலர். இன்று நாம் வாங்கும் 16 ஜிபி ரேம் அதைப் போல் பத்து லட்சம் மடங்குக்கும் சற்று அதிகம். ஆனால் அந்தக் கணினிக்கு ஐபிஎம் விற்ற தொழில்நுட்பக் கையேட்டில் முழு மின்சுற்று வரைபடமும், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரலின் முழு வடிவமும் அச்சாகியிருந்தன. போர்டில் ஐந்து ஸ்லாட்டுகள் இருந்தன. யார் வேண்டுமானாலும் அதற்கு அட்டை செய்து விற்கலாம். சென்னை ரிட்சி தெருவில் உதிரிப்பாகம் வாங்கி "அசெம்பிள்டு" சிஸ்டம் கட்டிய ஒரு தலைமுறையே பிழைத்தது என்றால், அதன் வேர் அந்தத் திறந்த வடிவமைப்பில் இருக்கிறது. திரையரங்கு ஊழியர் மகனும் மின்வாரிய ஊழியர் மகளும் சிறு முதலில் கணினித் தொழிலுக்குள் நுழைய முடிந்ததும் அதனால்தான். இந்த ஒன்றில் பழைய கணினி உண்மையிலேயே மேலானது.

வேறொன்றிலும் அது முந்தியது. விசையை அழுத்தினால் எழுத்து திரையில் தோன்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று டான் லூ என்ற பொறியாளர் 2017-ல் பல கணினிகளை அளந்தார். 1983-ன் ஆப்பிள் 2இ சுமார் 30 மில்லிசெகண்ட் எடுத்தது. முப்பது ஆண்டுக்குப் பின் வந்த கணினிகளில் பல 100 மில்லிசெகண்டைத் தாண்டின. வன்பொருள் வேகமாகும் வேகத்தைவிட மென்பொருள் மெதுவாகும் வேகம் அதிகம் என்று சுவிட்சர்லாந்தின் கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த் 1995-லேயே எழுதியிருந்தார். வேகமான சிஸ்டம் வாங்கியும் நமக்கு மெதுவாகத் தெரிவதற்குக் காரணம் நம் கண்ணில் இல்லை.

ஆனால் நம்பகம் என்று வந்தால் பழைய கணினிக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். டாஸ் காலத்தில் ஒரு நிரல் தவறினால் கணினி முழுதும் உறைந்துவிடும். ஒரு நிரலின் நினைவகத்துக்குள் இன்னொன்று கைவைக்காமல் காக்கும் தடுப்பு அதில் இல்லை. விண்டோஸ் 95, 98 இரண்டிலும் அந்தத் தடுப்பு அரைகுறையாகத்தான் இருந்தது. தொடர்ந்து 49.7 நாள் ஓடினால் உறைந்துபோகும் பிழை ஒன்று அவற்றில் இருந்தது. நேரத்தை மில்லிசெகண்டில் எண்ணும் 32 பிட் எண்ணி அத்தனை நாளில் நிரம்பி வழிந்துவிடும். வெளிவந்து சில ஆண்டுகள் கழிந்த பிறகே அது தெரியவந்தது. அத்தனை நாள் விழாமல் ஓடிய கணினிகள் அவ்வளவு அரிது. 2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்த பிறகுதான் உறுதியான அடித்தளம் வீட்டுக் கணினிக்கு வந்தது. 1.44 எம்பி ஃபிளாப்பியில் ஈரக்காற்றால் பூஞ்சை பிடித்து, திட்டப்பணி அறிக்கையை இழந்த மாணவர்கள் இந்த அவையிலேயே இருக்கலாம். 1994-ல் பென்டியம் செயலியில் வகுத்தல் பிழை வெளிப்பட்டு, இன்டெல் நிறுவனம் செயலிகளை மாற்றித் தர 475 மில்லியன் டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. 1999 முதல் 2007 வரை வந்த மதர்போர்டுகள் ஏராளமானவற்றில் கெப்பாசிட்டர்கள் உப்பின. உலகம் முழுக்க நடந்த கொள்ளைநோய் அது.

மின்சாரத்தையும் பாருங்கள். 2004-ன் வேகமான பென்டியம் 4 செயலி 115 வாட் வெப்பத்தை உமிழும். பக்கத்தில் 17 அங்குல சிஆர்டி மானிட்டர் இன்னொரு 80 வாட். 2023 தொடக்கத்தில் வந்த இன்டெல் என்100 செயலிக்கு 6 வாட் போதும். அந்தப் பென்டியம் 4-ஐவிடப் பல மடங்கு வேலையும் செய்யும். சூடு குறைவு என்றால் தூசி குறைவு, ஃபேன் சத்தம் குறைவு, கெப்பாசிட்டருக்கு ஆயுள் கூடுதல். முன்னேற்றம் என்று சொன்னால் இதைச் சொல்ல வேண்டும்.

ஆகக் கணக்கு இப்படி வருகிறது. நாற்பது ஆண்டுகளில் கணினி உறுதியாயிற்று, சிக்கனமாயிற்று. அதே காலத்தில் அது மூடியும் கொண்டது. 2008-ல் வந்த முதல் மேக்புக் ஏரில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. இன்று மெலிந்த மடிக்கணினிகளில் அதுவே வழக்கம். சிலவற்றில் எஸ்எஸ்டியும் அப்படியே. ஒரு சில்லு கெட்டால் போர்டையே மாற்று என்பார்கள். போர்டின் விலையைக் கேட்டால் புதிதே வாங்கிவிடலாம் என்று தோன்றும். உறுதியும் சிக்கனமும் வேண்டும் என்றால் மூடியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. என்100 செயலி உள்ள சிறு பெட்டிகள் பலவற்றில் நான்கு திருகாணியைக் கழற்றினால் ரேமையும் எஸ்எஸ்டியையும் இன்றும் மாற்றலாம்.

மூடும் வேலையை மென்பொருளும் செய்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றது. விண்டோஸ் 11 வேண்டும் என்றால் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல்லில் பெரும்பாலும் 2017-ல் வந்த எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தையதோ கேட்கிறது. துளிக் கோளாறும் இல்லாமல் ஓடும் கணினிகள் ஒரு தேதியில் பழையவையாக அறிவிக்கப்பட்டன. புதுப்பிப்பு இல்லாத கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள், அது உண்மையான ஆபத்து. அதற்காகக் கணினியைத் தூக்கிப் போடவும் வேண்டாம். லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இயங்குதளங்கள் இலவசம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. இணையம், கடிதம், கணக்குத் தாள், திரைப்படம் ஆகியவை போதும் என்கிற வீட்டுக்கு இவை தாராளம். பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். 2011-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த மடிக்கணினிகள் பல வீட்டுப் பரணில் தூங்குகின்றன. அவற்றில் சிலவற்றையாவது இப்படி எழுப்பிவிடலாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கணினி மாற்றும்போது கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். பழைய தமிழ்க் கோப்புகளுக்கு அது போதாது. 1990-களிலும் அதற்குப் பின்பும் நாம் பாமினி, வானவில், டிஸ்கி, டேப், டேம் என்று பல குறியாக்கங்களில் தட்டச்சு செய்தோம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு அரசு டேப், டேம் முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. உலகப் பொதுக் குறியாக்கமான யூனிகோடில் தமிழுக்கு ஆதரவு விண்டோஸ் 2000-ல்தான் வந்தது. பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருந்தார்கள். புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கோப்பு திறக்கும், ஆனால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு கோப்பையும் திறந்து, எந்த எழுத்துரு என்று குறித்து, யூனிகோடுக்கு மாற்றி, மெய்ப்புப் பாருங்கள். மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒற்றெழுத்தும் கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்பதை மட்டும் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஊர் வரலாறு எழுதியவர்கள், சிற்றிதழ் நடத்தியவர்கள், கோயில் கல்வெட்டைப் படியெடுத்தவர்கள் எத்தனையோ பேரின் உழைப்பு இந்தக் குறியாக்கங்களுக்குள் சிக்கிக் கிடக்கிறது. கணினி போனால் இன்னொன்று வாங்கலாம், அந்த எழுத்தை வாங்க முடியாது. என் பேச்சில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்ற நிலை வரும். மதர்போர்டு போய்விட்டது, அந்த வகை ரேம் கிடைப்பதில்லை, பழுதுச் செலவு புதிய கணினியின் விலையில் பாதியைத் தொடுகிறது என்றால் மாற்றுங்கள். கடைக்குப் போய் இவற்றைக் கேளுங்கள். ரேம் ஸ்லாட்டில் இருக்கிறதா, போர்டில் பற்றவைத்திருக்கிறதா? எஸ்எஸ்டியை நானே மாற்ற முடியுமா? திறந்தால் வாரண்டி போய்விடுமா? பேட்டரி தனியாகக் கிடைக்குமா, என்ன விலை? அடாப்டர் எல்லாரும் பயன்படுத்தும் வகையா, அந்த நிறுவனத்துக்கு மட்டும் உரியதா? சர்வீஸ் நம் ஊரில் உண்டா? இதற்கெல்லாம் நேரான பதில் சொல்லாத கடையில் வாங்காதீர்கள். ஃபிரான்ஸ் நாட்டில் 2021 முதல் மடிக்கணினியின் விலைச்சீட்டோடு, பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று பத்துக்கு இத்தனை என மதிப்பெண்ணும் போட வேண்டும் என்பது சட்டம். நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் துறை 2022-ல் பழுதுபார்ப்பு உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. சட்டமாக அது வலுப்பெற வேண்டும் என்றால், வாங்குகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டிலேயே ஓர் இடத்தில் வைத்துப் பயன்படுத்துவதாக இருந்தால் மேசைக் கணினியோ சிறு பெட்டிக் கணினியோ போதும். நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த, புதுப்பித்து விற்கப்படும் கணினிகளும் நல்லவையே. அவை திறந்து பழுதுபார்க்கும்படியே வடிவமைக்கப்பட்டவை. வாங்கும்போது எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியா என்று மட்டும் பாருங்கள். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர் என்றால் யுபிஎஸ்ஸுக்கும் பணம் ஒதுக்குங்கள். அதன் 12 வோல்ட் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் தளர்ந்துவிடும், அதை மாற்றுவதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய கணினி கிளம்பும்போது செய்ய வேண்டியது இரண்டு. ஹார்ட் டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டுக் கொடுங்கள், அல்லது கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். வெறுமனே டெலீட் செய்த படமும் வங்கி விவரமும் மீட்டெடுக்கக் கூடியவை. அடுத்து, காயலான் கடையில் எடைக்குப் போடாதீர்கள். ஒரு மேசைக் கணினியையும் சிஆர்டி மானிட்டரையும் தயாரிக்க 240 கிலோ புதைபடிவ எரிபொருளும், 22 கிலோ வேதிப்பொருளும், 1,500 கிலோ தண்ணீரும் செலவாயின என்று ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு இருபது ஆண்டுக்கு முன்பே கணக்கிட்டது. அவ்வளவு செலவில் உருவான பொருளைத் திறந்தவெளியில் கொளுத்திச் செம்பு எடுக்கிறார்கள். போர்டை அமிலத்தில் முக்கித் தங்கம் எடுக்கிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள். உலகில் 2022-ல் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது நூற்றுக்கு 22.3 தான். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, விற்ற பொருளுக்கு ஈடாகக் கழிவை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு தயாரிப்பாளரைச் சேரும். அவர்களுடைய சேகரிப்பு மையத்தைக் கேட்டு அங்கே ஒப்படையுங்கள்.

இந்த வாசகர் வட்டத்திடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இந்த நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு ஒரு மேசை போடுங்கள். திருப்புளி, தூரிகை, பேஸ்ட், டெஸ்டர் நான் கொண்டுவருகிறேன். வீட்டில் கெட்டுக் கிடக்கும் கணினியை எடுத்து வாருங்கள், உங்கள் பிள்ளைகளே அதைத் திறக்கட்டும். பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலையையும் அதே மேசையில் செய்யலாம். நூலகர் அவர்கள் இடம் தருவதாகச் சற்றுமுன் தலையசைத்ததை நான் பார்த்தேன். அதை இந்த அவையின் முன்னால் ஒப்புதலாகவே எடுத்துக்கொள்கிறேன்.